இல்லமும் தொழிலும்

‘நூல்’ என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஆடைக்கு அடிப்படையான இழையும் நூல்; அறிவுக்கு அடிப்படையான ஏடும் நூல். இவ்விரண்டும் ஒரு பெயர் பெற்ற காரணத்தை நன்னூலின் பாயிரம் அழகுற விளக்குகின்றது. சொற்களே பஞ்சு, புலவனே நூல் நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே அவள் கையிலுள்ள கதிர் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. புலவனைப் பெருமைப்படுத்த வந்த இடத்தில், வேந்தனையோ வீரனையோ காட்டாமல், பஞ்சு நூற்கும் ஒரு பெண்ணைக் காட்டியது எண்ணி மகிழத்தக்கது. சங்கப் பாடல்களிலும் பருத்தி நூற்கும் பெண்டிர் இடம்பெறுகின்றனர். வீட்டில் அமர்ந்து நூற்பதும் ஒரு தொழிலே என்பதில் அக்காலத்தார்க்கு ஐயம் இருந்ததில்லை.

இன்றோ, வீட்டில் விடியற்காலை முதல் இரவு வரை பணிபுரியும் ஒரு தாயைக் குறித்து, “வீட்டில் சும்மா இருக்கிறார்” என்று கூறக் கேட்கின்றோம். கூறுவோர் அவர் பெற்ற மக்களே! உழைப்பவரைச் ‘சும்மா இருப்பவர்’ என்று கூறும் வழக்கு நம்மிடையே எவ்வாறு வந்தது? இதனை அறிய வேண்டுமாயின், தொழில் வீட்டை விட்டு வெளியேறிய வரலாற்றை அறிதல் வேண்டும். உழவு, மட்கலம் வனைதல், தச்சு முதலிய எல்லாத் தொழில்களுக்கும் இவ்வரலாறு உண்டு. யான் நெசவாளர் குடியிற் பிறந்தவன். ஆதலின் நெசவைக் கொண்டே அதனைக் கூறுகின்றேன்.

எங்கள் வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி ஒன்று இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் அவ்வீடு பழைய முறையிலேயே இயங்கியது. என் தந்தையார் பருத்திப் புடவை நெய்பவர். விடியுமுன் தெருவில் பாவு நீட்டுவர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழைகளை விரித்து, கவைக்கோல்களின்மேல் நிறுத்தி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுத்தல் வேண்டும். அது ஒரு வீட்டாரால் மட்டும் ஆகக்கூடிய பணியன்று. அண்டை வீட்டாரும் கைகொடுப்பர். அவர்தம் பாவு நீட்டும் நாளில் நாமும் செல்லுதல் வேண்டும். இழை அறுந்தால் முடிந்து சேர்க்கும் பணி சிறுவர்களுடையது. அவர்களுடைய கண்ணும் விரலும் அதற்கு ஏற்றவை என்பர்.

என் தாயார் கழியாக வரும் நூலை இராட்டையில் ஏற்றி, ஊடைக்குரிய தாராகச் சுற்றுவார். நாடாவினுள் வைக்கும் சிறு குச்சியில் நூலைச் சுற்றுவதே தார் சுற்றுதல். தார் இறுக்கமாகவும் ஒரே சீராகவும் இல்லையெனில், நாடா ஓடும்போது இழை அறும், தறி நிற்கும், புடவையில் குறை தோன்றும். ஒரு புடவைக்கு எத்தனை தார் வேண்டும் என்பதை அவர் கணக்கிட்டுச் சொன்னதில்லை. ஆயினும் தறி ஒருநாளும் தாருக்காகக் காத்திருந்ததில்லை. உலையில் அரிசி வேகும்போது ஒரு தார். குழந்தை உறங்கும்போது ஒரு தார். கண் மங்கிய எங்கள் பாட்டியார் தடவிப் பார்த்தே சிக்கெடுப்பார். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளிலோ, கரைக்கும் உடலுக்கும் வேறு நிறம் வைத்து நெய்யும் கோர்வை முறைக்கு நெய்பவருக்கு அருகில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுதல் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர் சிறுவரே.

இத்தகைய வீட்டில், “சம்பாதிப்பவர் யார்?” என்று வினவினால் விடை கூறுவது அரிது. தந்தை நெய்தார், ஆனால் தாய் சுற்றாத தாரை அவர் நெய்ய இயலாது. அடுக்களைக்கும் தறிக்கும் இடையே பத்தடி தொலைவுதான். சோறு ஆக்குவதும் தார் சுற்றுவதும் ஒரே பகலின் பணிகள். ஒன்றைத் தொழில் என்றும் மற்றதைத் தொழிலன்று என்றும் பிரிக்க எவர்க்கும் தோன்றவில்லை.

இது கேட்டு, பழைய குடும்பமே பொற்காலம் எனப் போற்றுவார் உளர். யான் அதனை உள்ளிருந்து அறிந்தவன், அவ்வாறு போற்றேன். எல்லார் உழைப்பாலும் வந்த கூலி ஒருவர் கையிலேயே சேர்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தந்தையார் பெயர் மட்டுமே இருந்தது. பிறந்த குடியின் தொழிலையே மகன் செய்தல் வேண்டும். மகளுக்கோ அந்த அளவு தேர்வும் இல்லை. என் தமக்கையார் என்னினும் கணக்கில் வல்லவர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அவரை இராட்டையின் முன் அமர்த்தினர். யான் இளையவன், ஆண்; ஆதலின் பள்ளிக்குச் சென்றேன். அவர் சுற்றிய தாருக்குரிய கூலியில் வாங்கிய ஏட்டில்தான் யான் இலக்கணம் எழுதினேன். அக்குடும்பம் ஒன்றாக உழைத்தது என்பது மெய். ஒவ்வொருவர்க்கும் உரியதைக் கொடுத்தது என்பது மெய்யன்று.

இனி, இவ்வீடு எவ்வாறு கலைந்தது என்பதைக் காண்போம். அதன் தொடக்கம் இங்கிலாந்தில் உள்ளது. அந்நாட்டின் லங்காஷயர்ப் பகுதியிலும் நெசவாளர் வீடுகள் ஏறக்குறைய நம் வீடுகளைப் போன்றே இருந்தன. சிறுவர் பஞ்சைச் சிக்கெடுத்தனர், தாய் நூற்றாள், தந்தை நெய்தார். ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல கைகள் நூற்றல் வேண்டும். 1733-ஆம் ஆண்டில் ஜான் கே என்பார் நாடாவை விசையால் ஓட்டும் முறையைக் கண்டார், நெசவு விரைவுற்றது, நூலோ போதவில்லை. அக்குறையைத் தீர்க்க, ஒரே நேரத்தில் பல இழைகளை நூற்கும் பொறியை 1764-ஆம் ஆண்டளவில் ஹார்கிரீவ்ஸ் அமைத்தார். அதுவும் வீட்டினுள் வைக்கத்தக்கதே. ஆனால் 1769-இல் ஆர்க்ரைட் உரிமை பெற்ற நூற்புப் பொறி நீராற்றலால் இயங்குவது. ஆற்றை வீட்டுக்குள் கொண்டுவர இயலுமா? தொழிலாளரே ஆற்றங்கரைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 1771-இல் குரோம்போர்டு என்னும் ஊரில் அவர் ஆலை எழுந்தது. இல்லமும் தொழிலும் பிரிந்த இடங்களுள் அதனை முதன்மையானதாகச் சொல்லலாம்.

அவ்வாலைகளுக்கு முதலில் சென்றவர் பெரும்பாலும் பெண்டிரும் சிறுவருமே என்பது பலர் அறியாத செய்தி. அவர்களுக்குக் கொடுக்கும் கூலி குறைவு. ஆலை உரிமையாளர் விரும்பியதும் அதனையே. வீட்டில் தாயின் அருகிலிருந்து, களைத்தபோது உறங்கிய குழந்தை, இப்போது மணி அடித்தால் எழுந்து, மணி அடிக்கும் வரை நிற்க வேண்டியதாயிற்று. பொறி களைப்படைவதில்லை அன்றோ! இக்கொடுமையைக் கண்டு நல்லோர் பலர் வாதாடியதன் பயனாக, 1833-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பட்டாலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தல் ஆகாது. பதின்மூன்று வயதுக்குட்பட்டவரை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேல் வேலை வாங்குதல் ஆகாது என்று அது விதித்தது. 1847-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர்க்கும் இளைஞர்க்கும் பத்து மணி என்னும் வரையறையைத் தந்தது.

காலப்போக்கில் குழந்தைகள் ஆலையினின்று பள்ளிக்குச் சென்றனர். மணமான பெண்டிருட் பலர் வீட்டுக்குத் திரும்பினர். ஆனால் அவர்கள் திரும்பிய வீட்டில் இராட்டையும் இல்லை, தறியும் இல்லை. எஞ்சியவை அடுப்பும் தொட்டிலும் துணி துவைக்கும் தொட்டியுமே. அவற்றுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாததனால் அவற்றைத் தொழில் எனக் கருதும் வழக்கமும் மறைந்தது. அந்நாட்டு மக்கட்தொகைக் கணக்கே இதற்குச் சான்று. 1851-ஆம் ஆண்டுக் கணக்கில், இல்லக் கடமை ஆற்றும் மனைவியர்க்கும் தாய்மார்க்கும் தொழில் வகுப்புகளுள் ஓர் இடம் இருந்தது. 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் தொழிலற்றோர் பகுதிக்கு மாற்றப்பட்டனர். முப்பது ஆண்டுகளில் அப்பெண்டிரின் உழைப்புக் குறைந்துவிடவில்லை. ஏட்டின் தலைப்பு மாறிற்று.

லங்காஷயரில் நூற்ற நூலும் நெய்த துணியும் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அவற்றின் வரவு பெருகிற்று. நம் நெசவாளர் இடருற்ற வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். நூற்ற பெண்டிர் இடருற்ற வரலாறோ மிகுதியாகப் பேசப்படுவதில்லை. ஆலை நூல் வந்தபோது நெசவாளர் அதனையே வாங்கித் தறியில் ஏற்றி ஒருவாறு பிழைத்தனர். கைத்தறி இன்றும் உள்ளது. ஆனால் சிற்றூர்களில் உழவுப் பணி இல்லாத நாளில் பஞ்சு நூற்று, வாரச் சந்தையில் விற்றுத் தமக்கெனச் சிறிது பொருள் கண்ட பெண்டிர்க்கு அவ்வழி அடைபட்டது. கணவனை இழந்தவர்க்கும் முதியவர்க்கும் அது பெரும்பற்றுக்கோடாக இருந்தது. அவர்கள் ஆலை முன் கூடிப் போராடவில்லை; இராட்டையை எடுத்துப் பரண்மேல் வைத்தனர். காந்தியடிகள் இராட்டையை மீண்டும் கையில் எடுத்தபோது பல ஊர்களில் நூற்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருந்தது.

பின்னர் ஆலைகள் நம் நாட்டிலேயே எழுந்தன. கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் முதல் நூற்பாலை தோன்றிற்று. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் அந்நகரைச் சூழ ஆலைகள் மிகுந்தன. கோழி கூவி எழுந்த ஊர்கள் ஆலைச் சங்கு ஊதி எழுந்தன. தூக்குச்சட்டியில் சோறு எடுத்துச் செல்லும் கணவனை வாயிற்படியில் நின்று வழியனுப்பும் மனைவி என்னும் காட்சி நமக்கு மிகப் பழமையானது போலத் தோன்றுகிறது. உண்மையில் பெரும்பாலான குடிகளுக்கு அது நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதே. அதற்கு முன் உழவன் மனைவி களத்தில் இருந்தாள். குயவன் மனைவி மண் பிசைந்துகொண்டிருந்தாள். கணவன் பொருள் ஈட்டுதல், மனைவி வீடு காத்தல் என்னும் பிரிவினை தொன்றுதொட்டு எல்லார்க்கும் இருந்தது என்போர் வரலாற்றை நன்கு நோக்காதவராவர்.

இம்மாற்றத்தால் பெரும்பயன் பெற்றவர் குழந்தைகள் எனலாம். இந்தியாவில் 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டவரை மட்டுமே விலக்கிற்று. ஏழு வயதுச் சிறுவன் ஒன்பது மணி நேரம் உழைக்கலாம்! 1891-இல் அவ்வயது ஒன்பதாக உயர்த்தப்பட்டது. சட்டம் தொழிற்சாலைக்குள் நுழைந்தது. வீட்டுத் தறிக்குள் நுழையவில்லை. அங்கிருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்ததில் சட்டத்தினும் சோற்றுக்கே பங்கு மிகுதி. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பகலுணவு பள்ளியில் கிடைத்தபோது, தாரைச் சுற்றும் கைகள் எழுத்தாணியைப்போல் பேனாவைப் பிடிக்கத் தொடங்கின. குடும்பத்தின் கையாக இருந்த பிள்ளை குடும்பத்தின் கனவானான். பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் மக்கள் 1.8.

பெண்டிரின் நிலையும் சட்டத்தாலும் கல்வியாலும் மாறிற்று. பெண்ணின் குறைந்த மணவயது 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு. 1978-இல் அது பதினெட்டாயிற்று. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாடு 1989-இல் வழங்கிற்று. நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. ஆசிரியராகவும் செவிலியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் பெண்டிர் வெளியே சென்றனர். தொழில் வீட்டை விட்டு வெளியேறியபோது பின்தங்கிய அவர்கள், ஒரு நூற்றாண்டு கழித்து அதனைத் தேடிச் சென்று பிடித்தனர்.

ஆயினும் அவர்கள் வெளியே சென்றபோது வீட்டுப்பணி அவர்களுக்காகக் குறைந்ததா? 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு, ஊதியமில்லாத வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், ஆண் ஒருவர் 88 நிமிடங்களையும் செலவிடுவதாகக் கூறுகின்றது. அதிலும் ஐந்து பெண்டிருள் நால்வர் அப்பணியில் ஈடுபட, ஆடவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே ஈடுபடுகின்றனர். கிணற்றினின்று குழாயும், அம்மியினின்று மின்னரைவையும் வந்தன. சுமை எளிதாயிற்று, சுமப்பவர் மாறவில்லை.

இவ்விடத்தில் என் பிழையொன்றைக் கூறுதல் வேண்டும். யான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்கத்தில், ஒரு பள்ளியில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. ஒரு சிறுவனிடம், “தந்தையார் என்ன தொழில் செய்கிறார்?” என்றேன். “நெசவு” என்றான். “தாயார்?” என்றேன். “அம்மா சும்மாதான் இருக்கிறார் ஐயா” என்றான். யானும் ‘தொழில் இல்லை’ என்று எழுதினேன். அன்று மாலை வீடு திரும்பியபோது என் தாயார் கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். வலக்கை இராட்டையைச் சுழற்ற, இடக்கை விரல்களுக்கிடையே நூல் ஓடிக்கொண்டிருந்தது. “இன்று எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள்?” என்று அன்போடு வினவினார். எண்ணிக்கையைச் சொன்னேன். நெசவாளர் மகனாகிய நானே, நெசவாளர் வீட்டுத் தாய் ஒருவரைத் தொழில் இல்லாதவர் என எழுதி வந்த செய்தியைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுநாள் பதிவேட்டைத் திருத்த முயன்றேன். எழுதியதை அடித்தல் கூடாது என்பது விதியாம். அவ்வெழுத்து அப்படியே நின்றது.

என் பதிவேடு செய்த பிழையை நாட்டின் பேரேடுகளும் செய்தன. இல்லப்பணி ஆற்றும் பெண்டிரைப் பிச்சையெடுப்போர், சிறையிலிருப்போர் முதலியோருடன் சேர்த்து, வேலை செய்யாதோர் என்று 2001-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு வகுத்திருந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் விபத்து வழக்கொன்றில் இதனைக் கண்டித்தது. வழக்குமன்றங்களில் இவ்வினா எழுந்த வகை துயரமானது: விபத்தில் ஓர் இல்லத்தரசி இறந்தால், அவர் ஊதியம் பெறாதவராதலால், குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பை எவ்வாறு அளப்பது? வாழ்ந்தபோது எவரும் கணக்கிடாத உழைப்பை இறந்தபின் கணக்கிட வேண்டியதாயிற்று. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் வாழ்வோர்க்கே ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கணவர் வெளிநாட்டில் பொருள் ஈட்ட, மனைவி ஊரிலிருந்து மக்களையும் மனையையும் காத்தார். அவ்வருவாயால் வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில், குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, அதற்கு ‘உதவித் தொகை’ எனப் பெயரிடாது ‘உரிமைத் தொகை’ எனப் பெயரிட்டது. தொகை சிறிதாயினும் சொல் பெரிது. தமிழாசிரியனாதலின் எனக்குச் சொல்லே முதலில் கண்ணிற் படுகின்றது.

எங்கள் வீட்டுத் தறிக்குழி தூர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அக்கூடத்தில் இப்போது ஒரு மேசை உள்ளது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் கருதி நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது, சென்னையில் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணிபுரிந்த என் மருமகள், கணிப்பொறியோடு அங்கு வந்து அமர்ந்தார். இருநூறு ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டே இருந்த தொழில், சில நாள்களில் வீட்டுக்குத் திரும்பிற்று. பேரப்பிள்ளையின் பள்ளியும் ஒரு சிறு கைப்பேசியினுள் புகுந்து அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த தெருவில் வாழும் என் தமக்கையார் ஒருநாள் முற்பகலில் வந்தார். மருமகள் செவியில் கருவியை மாட்டிக்கொண்டு, திரையை நோக்கியவாறு எவருடனோ பேசிக்கொண்டிருந்தார். அடுக்களையில் உலை ஏற்றப்படவில்லை. யான் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தமக்கையார் கூடத்தைச் சிறிது நேரம் நோக்கி நின்றார், பின்னர் என்னிடம் வந்து, தணிந்த குரலில், “தம்பி, அவள் தறியில் இருக்கிறாள். உலையை நீ வை” என்றார்.

செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டியிருந்தது.